மனையும் காடும் உப்பும்: சங்கப் பாடல்களிலும் ‘பதேர் பாஞ்சாலி’யிலும் காய்கனி திரட்டல்

முன்னுரை

சங்க இலக்கியத்தில் இடம்பெறும் காய், கனி, கிழங்கு, கீரை முதலியன குறித்து ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தாவரப் பெயர்களைத் தொகுத்துத் திணைவாரியாகப் பகுத்து, இன்றைய பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் சுட்டி நிறைவடைகின்றன. இத்தொகுப்புகளின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும், பழம் ஒன்று பாடலில் இடம்பெறும்போது அதனை எடுப்பவர் யார், எங்கிருந்து எடுக்கிறார், எடுத்ததை எவ்வாறு உண்கிறார் என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. எழாமையின் விளைவாக, விதைக்காமல் கிடைக்கும் உணவு பற்றிய எல்லாப் பாடல்களும் ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றன. பசியால் கீரை கொய்யும் பெண்ணும் காதலனோடு சுரம் கடந்து நெல்லி தின்னும் பெண்ணும் ஒருத்தியே போலத் தோன்றும் நிலை இதனால் உருவாகிறது.

உழாமல் விதைக்காமல் கிடைப்பதைத் திரட்டி உண்ணுதல் என்னும் செயலின் பொருள், அது வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இதனை நிறுவச் சங்கப் பாடல்கள் சிலவும், விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ (1929) என்னும் வங்க நாவலும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ‘நாகம்மாள்’ (1942) ஆசிரியரான ஆர். ஷண்முகசுந்தரத்தின் மொழிபெயர்ப்பால் இந்நாவல் தமிழ் வாசகர்க்கு நெடுங்காலமாக அறிமுகமானது. இவ்வொப்பீடு தாக்கம் பற்றியதன்று. ஒரே செயல் இருவேறு காலங்களில், இருவேறு மொழிகளில் பெறும் பொருளை ஒன்றன் ஒளியில் மற்றொன்றாகக் காண்பதே நோக்கம்.

தொலைவும் இனிமையும்

அகப்பாடல்களில் காட்டுக்கனி பெரும்பாலும் தொலைவோடு தொடர்புடையது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 262ஆம் பாடல் இதற்குத் தெளிவான சான்று. ஊர் அலர் தூற்ற, தாய் ஓயாது வருத்த, உடன்போக்கிற்கு உடன்பட்டுப் பேசும் தோழி இரண்டு இடங்களை எதிரெதிரே நிறுத்துகிறாள். ஒன்று, தாய் தனியே இருக்கவேண்டிய மனை. மற்றொன்று, தலைவி தலைவனோடு செல்லவிருக்கும் சேய்மை நாடு. அந்நாட்டில் அவளுக்குக் கிடைக்கப்போவது நெல்லிக்காயும், யானை அடி பதிந்த பள்ளத்தில் தேங்கிய நீரும் மட்டுமே. உணவு என்ற அளவில் இது மிகக் குறைவு. ஆனால் பாடலில் இது குறைவாகத் தோன்றவில்லை. நெல்லி தின்றபின் பருகும் நீர் இனிக்கும் என்னும் நடைமுறை அறிவு, துன்பத்தின்பின் வரும் இன்பத்தைச் சொல்லாமல் சொல்கிறது. மனையில் கிடைக்கும் சோற்றைவிடக் காட்டில் கிடைக்கும் புளிப்பே விரும்பத்தக்கதாகிறது.

கபிலரின் ஐங்குறுநூறு 203ஆம் பாடலும் இதே அமைப்பினது. தன் வீட்டுப் படப்பையில் எடுத்த தேன் கலந்த பாலைக்காட்டிலும், தலைவன் நாட்டில் மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர் இனிது என்கிறாள் தலைவி. ‘படப்பை’ என்பது மனையை ஒட்டிய தோட்ட நிலம். அதன் விளைவு உயர்ந்தது, அவன் நாட்டு நீர் தாழ்ந்தது. ஆயினும் சுவையின் வரிசை தலைகீழாகிறது. புறநானூறு 91இல் அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியும் ஏறுதற்கரிய மலைப்பிளவிலிருந்து கொணரப்பட்டதே. எட்டாமையே அதன் மதிப்பிற்குக் காரணமாகிறது.

இப்பாடல்களை மட்டும் நோக்கின், திரட்டி உண்ணுதல் என்பது காதலின் நிறைவையும் கொடையின் உயர்வையும் குறிப்பது என்ற முடிவே கிடைக்கும். ‘இயற்கை வாழ்வு’ என்னும் தலைப்பு இத்தகைய பாடல்களிலிருந்தே உருவாகியிருத்தல் வேண்டும்.

அண்மையும் நாணமும்

வீட்டருகே எடுக்கும் உணவைப் பாடும் பாடல்கள் வேறொரு தொனியில் அமைந்துள்ளன. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை காட்டும் கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையைத் தன் நகத்தால் கிள்ளி எடுக்கிறாள், உப்பின்றி வேகவைக்கிறாள், அறியாதார் கண்டு எள்ளுவர் என நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். பெருஞ்சித்திரனாரின் புறநானூறு 159ஆம் பாடலிலும் குப்பைக்கீரையே உணவு. அங்கும் உப்பில்லை, நீரே உலை. இப்பாடலில் ஒரு நுட்பமான செய்தி உண்டு. கீரை கொய்யப்படுவது முன்பே கொய்த இடத்தில் மீண்டும் துளிர்த்த முற்றாத தளிரிலிருந்து. ஒரே குப்பைமேட்டை நாள்தோறும் நாடவேண்டியிருப்பதையும், தளிர் முற்றும்வரை பசி காத்திராததையும் அந்த ஒரு செய்தி உணர்த்திவிடுகிறது. இவ்வீட்டாருக்கு எட்டும் நிலம் அவ்வளவே.

ஒக்கூர் மாசாத்தனாரின் புறநானூறு 248ஆம் பாடல் இவ்வண்மையை இன்னும் கூர்மையாக்குகிறது. கணவனை இழந்த பெண் ஒருத்தி வெள்ளாம்பலை நோக்கி இரங்குகிறாள். இளமையில் தழையாடை தந்த அதே நீர்ச்செடி, கைம்மைக் காலத்தில் புல்லரிசியாகிய அல்லியைத் தருகிறது. செடி மாறவில்லை, அவள் வாழ்நிலையே மாறியுள்ளது. முன்பு அழகுக்காகக் கொய்த கை இப்போது பசிக்காகக் கொய்கிறது.

இம்மூன்று பாடல்களிலும் உணவு திரட்டப்படுவது ஊரை ஒட்டிய குப்பை, நீர்நிலை ஆகிய இடங்களில். கிணைமகள், வறிய இரவலனின் இல்லத்தார், கைம்பெண் ஆகியோரே இவ்வுணவை நம்பி வாழ்வோர். சேய்மையில் இனிமையாகத் தோன்றிய அதே செயல், அண்மையில் நாணத்திற்கும் இரக்கத்திற்கும் உரியதாகிறது. காரணம் வெளிப்படை. காட்டு வழியில் செல்வோர்க்குத் திரட்டி உண்பது ஒருநாள் நிகழ்வு. வீட்டருகே திரட்டுவோர்க்கு அதுவே நாள்தோறுமான வாழ்க்கை. அண்டை வீட்டார் கண்முன் அது நிகழ்கிறது. எனவேதான் கதவு அடைக்கப்படுகிறது.

அண்மையில் எடுத்தவை அனைத்தும் நாணத்திற்குரியன எனக் கூறவும் இயலாது. இளங்கீரனாரின் நற்றிணை 3ஆம் பாடலில் சிற்றூர்ச் சிறுவர் வேப்பமர நிழலில் அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். அகப்பாடலில் காதலர்க்கு உணவான நெல்லி இங்கு விளையாட்டுப் பொருள். சிறுவரிடம் நாணமில்லை, கதவடைப்புமில்லை. ஆக, தொலைவோடு அகவையும் இணைந்தே இச்செயலின் பொருளைத் தீர்மானிக்கிறது.

பறம்பும் உப்பு வண்டியும்

அண்மை, சேய்மை என்னும் இப்பகுப்பைக் கபிலரின் பறம்புப் பாடல்கள் வேறொரு தளத்திற்குக் கொண்டுசெல்கின்றன. மூவேந்தர் முற்றுகையின்போது பாடப்பட்ட புறநானூறு 109ஆம் பாடல், உழவர் உழாமலேயே பறம்புமலை தரும் நான்கு பயன்களை எண்ணிச் சொல்கிறது: மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இங்குத் திரட்டி உண்ணுதல் வறுமையின் அடையாளமன்று, காதலின் அடையாளமுமன்று. அது அரசியல் தன்னாட்சியின் அடிப்படை. மலையே மனையாக உள்ளவரை முற்றுகையால் பசி விளைவிக்க முடியாது என்பது கபிலர் வாதம்.

ஆனால் பறம்பின் நான்கு பயன்களுள் ஒன்று இல்லை. அது உப்பு. மலை தரமுடியாத பொருள் அது. கடற்கரையிலிருந்து உமணர் வண்டிகளில் வரவேண்டியது. பாரி மறைந்தபின் அவன் மகளிரின் நிலையைக் காட்டும் புறநானூறு 116ஆம் பாடலில் இவ்வுப்பு வந்து சேர்கிறது. முள்வேலி சூழ்ந்த சிறுகுடிலின் முற்றத்தில், ஈச்ச இலைக் குப்பையின்மீது ஏறி நின்று, உமணரின் உப்பு வண்டி வரிசையை அம்மகளிர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். தந்தையின் மலைமீது நின்று பகைவேந்தரின் குதிரைகளை எண்ணியவர் இவர் என்னும் நினைவே இப்பாடலின் துயரம். எண்ணும் பழக்கம் எஞ்சியுள்ளது. மலைக்குப் பதில் குப்பைமேடு, குதிரைகளுக்குப் பதில் உப்பு வண்டிகள்.

கிணைமகளின் குப்பையும் உப்பில்லாக் கீரையும், பாரி மகளிரின் குப்பையும் கடந்துசெல்லும் உப்பும் தற்செயல் ஒற்றுமைகள் எனக் கொள்வதைக்காட்டிலும், ஒரே பொருளாதார உணர்வின் இரு வெளிப்பாடுகள் எனக் கொள்வதே பொருந்தும். வீட்டருகே எல்லாவற்றையும் திரட்டலாம். உப்பைத் திரட்ட இயலாது. அதற்கு மாற்றாகக் கொடுக்க ஏதேனும் வேண்டும். கொடுக்க ஏதுமற்ற வீட்டின் அடையாளமே உப்பில்லா உணவு. மலையை இழந்தவர் முன் உப்பு வண்டி நிற்காமல் கடந்துபோவதிலும் இப்பொருளைக் காணலாகும்.

துர்க்காவின் பெட்டி

‘பதேர் பாஞ்சாலி’யின் நிச்சிந்திபுரம் மூங்கில் தோப்புகளும் மாந்தோப்புகளும் புதர்க்காடுகளும் சூழ்ந்த சிற்றூர். வறிய அந்தணரான ஹரிஹரரின் மகள் துர்க்கா பகலெல்லாம் இவற்றினூடே திரிகிறாள். நாவலை அப்புவின் வளர்ச்சிக் கதையாகவே பெரும்பாலோர் வாசித்துள்ளனர். ஆயினும் அப்பு காணும் உலகைத் திரட்டித் தருபவள் துர்க்காவே. அப்புவின் விளையாட்டுப் பொருள்களுள் உலர்ந்த ‘நாட்டா’ காய்கள் உள்ளன. அவற்றைப் பொறுக்கிவந்து தம்பிக்குச் சிலவற்றைக் கொடுத்து, மீதியைத் தன் பொம்மைப் பெட்டியில் வைத்திருப்பவள் அவள். வங்கத்தின் ‘நாட்டா’ தமிழில் கழற்சிக்காய். சங்கப் பாடல்களில் மகளிர் ஆடிய கழங்கும் இதுவே. ஐங்குறுநூற்று வெறிப்பத்தில் வேலன் குறி பார்க்கப் பயன்படுத்துவதும் கழங்கே. உண்ணத்தகாத, ஆனால் வழவழப்பால் கையை ஈர்க்கும் இக்கொட்டை, பசிக்கு அப்பாற்பட்ட திரட்டலின் சின்னம். நாவலின் இரண்டாம் பகுதிக்கு மாங்கொட்டையில் செய்த ஊதுகுழலைக் குறிக்கும் பெயர் இடப்பட்டிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

துர்க்காவின் திரட்டலிலும் உப்பு இடம்பெறுகிறது. நாவலின் தொடக்கப் பகுதியொன்றில், மரத்தடியில் விழுந்து கிடந்த மாம்பிஞ்சுகளோடு வரும் துர்க்கா, தாய் நீர்த்துறைக்குச் சென்றிருக்கும் வேளையில் சிறிது எண்ணெயும் உப்பும் எடுத்துவருமாறு தம்பியை ஏவுகிறாள். காட்டில் கிடைத்ததை உண்ணுதற்குத் தன் வீட்டு உப்பையே மறைவாக எடுக்கவேண்டியுள்ளது. பிறிதோரிடத்தில் சிறார்கள் புதர்க்காட்டில் இடம் துப்புரவாக்கிக் கூட்டாஞ்சோறு ஆக்குகின்றனர். காட்டுவள்ளிக் கொடியின் காயை வேகவைத்து, கத்தரிக்காய் பொரித்து உண்கின்றனர். உப்பு இல்லை, உப்பைப் பற்றிய நினைவே அவர்களுக்கு எழவில்லை. ஆயினும் அந்த உணவு அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

சிறுபாணாற்றுப்படையின் கீரையும் இக்கூட்டாஞ்சோறும் ஏறத்தாழ ஒரே உணவு: அருகில் எடுத்தது, உப்பின்றி வெந்தது. முன்னதில் கதவு அடைக்கப்படுகிறது. பின்னதில் கதவே இல்லை. கூட்டாஞ்சோற்றுக்கு அரிசி வீட்டிலிருந்து வந்தது, உப்பின்மை அங்கு மறதியேயன்றி வறுமையன்று என ஒருவர் மறுக்கலாம். மறுப்பு பொருத்தமானதே. ஆனால் வேறுபாடு அங்குத்தான் உள்ளது. கிணைமகள் உப்பின்மையை மறக்க இயலாதவள். இச்சிறார் அதனை மறக்கக்கூடிய அகவையினர். விளையாட்டு என்பது இல்லாமையை மறக்கும் உரிமை. அந்த உரிமை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதே துர்க்காவின் கதை.

அது நெடிது நீடிப்பதில்லை. அண்டை வீட்டுச் செல்வப் பெண்மணி வந்து துர்க்காவின் பெட்டியைச் சோதிக்கிறாள். காணாமற்போன மணிமாலை அதில் கிடைக்கிறது. தங்கள் மரத்து மாங்காயும் அதில் இருப்பதாகச் சுட்டப்படுகிறது. மணிமாலையும் மாங்காயும் ஒரே குற்றச்சாட்டில் ஒன்றாகின்றன. துர்க்காவின் பெட்டியில் இவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. கண்ணைக் கவர்ந்தவை, கைக்கு எட்டியவை என்னும் ஒரே வரிசையில் கழற்சிக்காயும் மாங்காயும் மணியும் உள்ளன. பெட்டியைத் திறப்பவர்க்கோ இவற்றுள் சில ‘பொறுக்கியவை’, சில ‘திருடியவை’. பிரிப்பது பொருளின் தன்மையன்று, வேலி. சங்கப் பாடல்களில் அண்மைத் திரட்டலுக்கு உரிய உணர்வு நாணம். தனியுடைமை நிலைபெற்ற நிச்சிந்திபுரத்தில் அது குற்றமாகிறது.

துர்க்கா காய்ச்சலில் இறக்கிறாள். பின்னர் குடும்பம் ஊரைவிட்டு நீங்கும் வேளையில், முன்பு அண்டை வீட்டில் காணாமற்போன சிறு தங்கக் குங்குமச் சிமிழை அப்பு தன் வீட்டுப் பானை ஒன்றில் காண்கிறான். எவரிடமும் கூறாமல் அதனை மூங்கில் தோப்பினுள் எறிந்துவிடுகிறான். சத்யஜித் ராயின் திரைப்படத்தில் (1955) சிமிழுக்குப் பதிலாக மாலை. தோப்புக்குப் பதிலாகப் பாசி படர்ந்த குளம். மாலை விழுந்த இடத்தைப் பாசி மெல்ல மூடுவது திரைக்கே உரிய காட்சி. எனினும் நாவலின் தேர்வுக்குத் தனிப்பொருள் உண்டு. மூங்கில் தோப்பு துர்க்கா திரிந்து திரட்டிய இடங்களுள் ஒன்று. திருட்டுப் பொருளை உரியவரிடம் சேர்த்தால் அவள் திருடி என்பது உறுதியாகும். வைத்துக்கொண்டால் அவன் உடந்தையாவான். தோப்பில் எறிவதன் மூலம், எவருக்கும் உரியதல்லாத இடத்தில் கிடக்கும் பொருளாக அதனை அவன் மீண்டும் ஆக்கிவிடுகிறான். திருட்டு மறுபடியும் திரட்டலாகிறது. தமக்கைக்கு அவன் செய்யக்கூடிய இறுதிக்கடன் அதுவே எனலாம்.

ஒப்பீட்டின் எல்லை

அகப்பாடல் மரபு சார்ந்தது. அதன் நெல்லி உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் உரியது. ஆற்றுப்படையின் வறுமை, வள்ளலின் கொடையை உயர்த்திக் காட்டுதற்குரிய உத்தி. நாவலோ தனிமனிதரின் நாள்வாழ்வை நுணுகிக் காட்டும் வடிவம். ஆகவே மூன்றையும் வாழ்க்கை ஆவணங்களாக ஒரே நிலையில் வைத்தல் தவறாகும். எனினும், மரபும் உத்தியும் வெற்றிடத்தில் தோன்றுவதில்லை. கொடையைப் புகழ விரும்பிய புலவர் வறுமைக்கு அடையாளமாகக் குப்பைக்கீரையையும் அடைத்த கதவையும் தெரிந்தெடுத்தமைக்கு, கேட்போர் அவற்றை உடனே இனங்கண்டுகொள்வர் என்பதே காரணம். உத்தி என்பதாலேயே அது சமூகப் பொதுவறிவின் சான்றாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, விதைக்காத உணவைத் திரட்டல் இலக்கியத்தில் ஒரே பொருள் உடையதன்று. சேய்மையில் காதலும் கொடையும், அண்மையில் வறுமையும் நாணமும், சிறாரிடத்து விளையாட்டும், வேலி வந்தபின் குற்றமுமாக அது மாறுகிறது. இரண்டாவது, திரட்டலின் எல்லையை உப்பு காட்டுகிறது. அதன் இன்மை பாடல்களில் அலங்காரமன்று, பொருளாதாரக் குறிப்பு. மூன்றாவது, இச்செயலில் பெரும்பாலும் ஈடுபடுவோர் பெண்களும் சிறாரும். ஆகவே இதனை ‘இயற்கை வாழ்வு’ எனப் பொதுமைப்படுத்துதல் அவர்தம் உழைப்பையும் பசியையும் ஒருங்கே மறைத்துவிடும்.

இவ்வினா பழம்பாடல்களோடு முடிவதன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களைத் திரட்டவும் பயன்படுத்தவும் விற்கவும் வனவாழ் மக்களுக்கு உள்ள மரபுரிமையை, ஊர் எல்லைக்கு உள்ளும் புறம்பும் எனத் தெளிவாகக் குறித்து ஏற்கிறது. அச்சட்டம் எண்ணிச் சொல்லும் பொருள்களுள் மூங்கிலும் தேனும் கிழங்கும் உள்ளன. கபிலர் எண்ணிய நான்கனுள் மூன்றைச் சார்ந்தவை இவை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டத்தில் ‘மரம்’ என்றே வரையறுக்கப்பட்டிருந்த மூங்கில், அவ்வரையறையிலிருந்து 2017இல்தான் நீக்கப்பெற்றது. எடுப்பவள் உரிமையாளரா, குற்றவாளியா என்பது இன்றும் ஒரு சொல்லின் வரையறையைச் சார்ந்தே உள்ளது. பறித்தல், பொறுக்குதல், திருடுதல் ஆகிய சொற்களுள் எதனை எவர்க்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் இலக்கியத் திறனாய்வும் கவனம் கொள்ளவேண்டும். அதுவே அடைத்த கதவுக்கு உள்ளே உண்டவர்க்கும் துர்க்காவுக்கும் நேர்மையான வாசிப்பாக அமையும்.